மாற்றுச் சக்கரம் இல்லாத காரும் மலைப்பாதைப் பஞ்சரும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையை ஒட்டிச் செல்லும் சாலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலைமீது வளைந்து வளைந்து ஏறி வெள்ளிமலையை அடைகிறது. பஸ்ஸும் ஜீப்பும் பால் வண்டியும் ஏறி இறங்கும் பாதை இது. இத்தகைய பாதையில் செல்லும் ஒரு காரின் டயரில் ஆணி ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் பின்கதவைத் திறக்கிறார். வழக்கமாக ஸ்டெப்னி இருக்க வேண்டிய பள்ளத்தில் சக்கரம் இல்லை. ஒரு சிறு பெட்டி மட்டுமே இருக்கிறது!

இது கற்பனை அன்று. 2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் செய்தது. மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்படாத பயணிகள் காரில் டியூப் இல்லாத டயர்களும், டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பும், பழுது நீக்கும் கருவிப் பெட்டியும் இருந்தால், மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என்பதே அது. சக்கரத்தின் எடையும் அது அடைத்துக்கொள்ளும் இடமும் மிச்சம். மின்கலத்தால் ஓடும் கார்களுக்கு அந்த இடம் மிகவும் தேவை. ஆனால் பஞ்சர் கடை இல்லாத மலைவளைவில் அந்தச் சிறு பெட்டி நம்மைக் காப்பாற்றுமா? விடை காண, நாம் வகுப்பில் படிக்கும் பௌதிகமே போதும்.

ஸ்டெப்னி வந்த கதை

ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அது பரவவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த டயருக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே காற்று டயர் உலகைச் சுற்ற ஆரம்பித்தது. 1895-இல் பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் மிஷ்லின் சகோதரர்கள் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டினார்கள். வழிநெடுகப் பஞ்சர்! பந்தயத்தில் வெற்றி கிட்டவில்லை என்றாலும், காரும் காற்றின்மீது ஓடலாம் என்பது நிரூபணமாயிற்று.

அக்காலக் கார்களில் சக்கரத்தைக் கழற்ற முடியாது. பஞ்சரானால் சாலையோரத்தில் அமர்ந்து டயரைப் பிரித்து ஒட்டவேண்டும். 1904-இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் டேவீஸ் சகோதரர்கள் ஒரு வழி கண்டார்கள். ஆரக்கால்கள் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே இறுகக் கவ்வ வைத்தார்கள். அவர்களுடைய தொழில் நடந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. அந்தத் தெருவின் பெயரையே நம் ஊர் ஓட்டுநர்கள் இன்றும் அன்றாடம் உச்சரிக்கிறார்கள்!

வண்டியைச் சுமப்பது எது?

டயரின் ரப்பர்தான் வண்டியைச் சுமக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று.

1000 கிலோகிராம் நிறையுள்ள காரில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஏறக்குறைய 250 கிலோகிராம் பங்கு. அதன் எடை சுமார் 2450 நியூட்டன். டயரில் "32 பவுண்டு காற்று" என்கிறோம். சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு என்பது இதன் பொருள். அதாவது சுமார் 220 கிலோபாஸ்கல். விசையை அழுத்தத்தால் வகுத்தால் பரப்பு கிடைக்கும். 2450-ஐ 2,20,000-ஆல் வகுக்க 0.011 சதுர மீட்டர், அதாவது 110 சதுர சென்டிமீட்டர். உங்கள் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பரப்பு! நான்கு உள்ளங்கை அளவுத் தடங்களின்மீதுதான் குடும்பம் முழுவதும் மலையேறுகிறது.

காற்று குறைந்தால் என்ன ஆகும்? எடை குறையவில்லை, ஆகவே தடத்தின் பரப்பு பெருகவேண்டும். டயர் சப்பையாகிறது. பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிர்கிறது. சுற்றளவு 1.8 மீட்டர் உள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டரில் சுமார் 556 முறை சுழலும். பக்கச்சுவரின் ஒவ்வொரு பகுதியும் 556 முறை மடங்கும். மடங்கும்போது கொடுக்கும் ஆற்றல் முழுவதையும் ரப்பர் நிமிரும்போது திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகத் தங்கிவிடுகிறது. காற்றில்லாத டயரில் சில கிலோமீட்டர் ஓட்டினால் பக்கச்சுவரின் உள் நூலிழைகள் பிரிந்து, சிறிய ஆணிக்காயம் பெற்ற நல்ல டயர் குப்பைக்குப் போகிறது. ஆணியால் வரும் நட்டத்தைவிட, ஆணி ஏறிய பின்னும் ஓட்டுவதால் வரும் நட்டமே பெரிது.

சப்பையான டயரைக் கார் எப்படி அறிகிறது? சில கார்களில் ஒவ்வொரு வால்விலும் அழுத்தமானி ஒன்று உண்டு. வேறு சிலவற்றில் சக்கரங்களின் சுழற்சியை எண்ணுகிறார்கள். காற்றிறங்கிய டயரின் ஆரம் 1 விழுக்காடு குறைந்தால், கிலோமீட்டருக்கு 556 சுற்றுக்குப் பதில் 561 சுற்று சுழலவேண்டும். இந்த ஐந்து சுற்று வேறுபாடு நமக்குத் தெரியாது, கணிப்பொறிக்குத் தெரியும்.

மலை ஏறும்போது டயருக்குள்

மலைமேல் ஏறினால் டயரில் அழுத்தம் கூடுமா, குறையுமா? சமவெளியிலிருந்து 700 மீட்டர் ஏறுவதாகக் கொள்வோம். வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 8 கிலோபாஸ்கல் குறைகிறது. டயரில் பொருத்தும் அழுத்தமானி, உள் அழுத்தத்துக்கும் வெளி அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் காட்டும். எனவே அது 1.2 பவுண்டு கூடுதலாகக் காட்டவேண்டும். ஆனால் மேலே குளிர். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி வீதம் வெப்பநிலை குறைவதால், 700 மீட்டரில் 4.5 டிகிரி குறையும். பருமன் மாறாத வாயுவின் அழுத்தம் தனி வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் இருப்பதால், டயரின் அழுத்தம் 0.7 பவுண்டு இறங்கும். ஒன்று கூட்ட, மற்றொன்று கழிக்க, மிஞ்சுவது அரைப் பவுண்டே. ஆகவே, வெள்ளிமலையில் இறங்கிப் பார்க்கும்போது ஒரு டயர் மட்டும் நான்கு பவுண்டு குறைந்திருந்தால், மலையின்மீது பழி போடாதீர்கள், ஓட்டையைத் தேடுங்கள்.

முதலில் நிறுத்துவது

காற்று இறங்கியது தெரிந்ததும் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, வேகத்தை மெல்லக் குறைத்து, வளைவைக் கடந்து, பின்னால் வருவோர் தொலைவிலேயே காணக்கூடிய சமதளத்தில் நிறுத்தவேண்டும். எச்சரிக்கை விளக்கைப் போட்டு, முக்கோணப் பலகையை வளைவுக்கு முன்னரே வைக்கவேண்டும். குழந்தைகள் பள்ளத்தாக்கின் விளிம்பை விட்டு விலகி நிற்கட்டும்.

சமதளம் ஏன்? பத்துக்கு ஒன்று என்ற சரிவில் 1000 கிலோகிராம் காரைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை, 100 கிலோகிராமின் எடைக்குச் சமம். ஜாக்கியின் சிறு தலைமீது நிற்கும் காரை அது எளிதில் சாய்த்துவிடும். "கியரில் போட்டிருக்கிறேனே" என்று சொல்லித் தப்ப முடியாது. எஞ்சினுக்கும் இரு சக்கரங்களுக்கும் நடுவே டிபரன்ஷியல் என்ற பல்லிணை அமைப்பு உண்டு. வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்வது இதன் வேலை. எஞ்சின் இயக்கும் இரு சக்கரங்களில் ஒன்றை உயர்த்திவிட்டால், தரையிலுள்ள சக்கரம் ஒரு திசையில் உருளும். உயர்ந்த சக்கரம் எதிர்த்திசையில் சுழலும். கியர் காரைப் பிடிக்காது! எனவே கைப்பிரேக்கோடு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் பெரிய கல் முட்டுக் கொடுத்தே தீரவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் தலை நுழைக்கக் கூடாது.

ஆணியைப் பிடுங்கலாமா?

ஓட்டையைக் காண, டயரின்மேல் சோப்பு நீரைத் தெளியுங்கள். குமிழி எழும் இடமே காயம். ஆணி தெரிந்தவுடன் பிடுங்கத் தோன்றும். பொறுங்கள்! டியூப் இல்லாத டயரில் ஆணிதான் இப்போதைக்கு அடைப்பான். டயரின் உட்புறத்தில் காற்றை விடாத ரப்பர்ப் படலம் ஒன்று உண்டு; அது ஆணியைச் சுற்றி இறுகிக்கொண்டு கசிவை மந்தப்படுத்துகிறது. டியூப் உள்ள டயரில் இந்த நன்மை இல்லை. டியூப் கிழிந்ததும் காற்று ஆரக்கால் ஓட்டை, வால்வு ஓட்டை வழியாக விரைந்து வெளியேறிவிடும்.

இப்போது அளக்கவேண்டும். பத்து நிமிடத்தில் டயர் 32 பவுண்டிலிருந்து 30-க்கு இறங்கியது என்க. வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் (கணக்குக்காக 14 பவுண்டு என்று கொள்வோம்), 46 என்பது 44 ஆகியிருக்கிறது. கசிவின் வேகம் ஏறக்குறைய உள்ளேயிருக்கும் மொத்த அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் அமையும் என்பதால், ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் இதே விகிதத்தில் குறையும். அரைமணி கழித்து அழுத்தமானி சுமார் 26 பவுண்டு காட்டும். ஒரு மணி கழித்து 21. மலையிறங்க ஒரு மணி ஆகுமென்றால், பாதிவழியில் ஒருமுறை நிறுத்திக் காற்றடித்துக்கொண்டு, ஆணியோடேயே மெதுவாகப் பஞ்சர் கடை சேர்ந்துவிடலாம். பத்து நிமிடத்தில் 10 பவுண்டு இறங்கினால் இந்த யோசனையைக் கைவிட்டு, அங்கேயே அடைக்கவேண்டியதுதான்.

இறங்கும்போது இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 1000 கிலோகிராம் கார் 700 மீட்டர் இறங்கினால் இழக்கும் நிலையாற்றல் சுமார் 70 லட்சம் ஜூல். இவ்வாற்றல் முழுவதும் வெப்பமானால் 30 டிகிரியிலுள்ள 24 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும்! பிரேக்கை மட்டும் நம்பினால் இவ்வளவு வெப்பமும் சக்கரங்களின் அருகே பிறக்கும். ஏற்கெனவே நோயுற்ற டயருக்கு இது ஆகாது. ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

ஒரு ரப்பர் திரி

அடைக்கும் வேலைக்கு ஒரு குறடு, சுரண்டும் அரம், கண்ணுள்ள தடித்த ஊசி, பசை தோய்ந்த ரப்பர் திரி ஆகியவை போதும். சக்கரத்தைக் கழற்றவேண்டிய அவசியம்கூடப் பெரும்பாலும் இல்லை. முன்சக்கரமானால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும், பின்சக்கரமானால் வண்டியைச் சிறிது நகர்த்தினாலும் காயம் கைக்கு எட்டும்.

ஆணி எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு குறட்டால் பிடுங்கவேண்டும். அதே சாய்வில் அரத்தைச் செலுத்தி ஓட்டையின் சுவரைச் சொரசொரப்பாக்க வேண்டும். ஊசியின் கண்ணில் திரியைக் கோத்து உள்ளே அழுத்தி, இரு நுனிகளும் ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கும்போது ஊசியை மட்டும் சட்டென்று இழுத்துவிட வேண்டும். திரி மடிந்து உள்ளேயே தங்கிவிடும். காற்றடித்து, மீண்டும் சோப்பு நீர் தெளித்துச் சோதிக்கவேண்டும்.

இந்தச் சிறு திரியைக் காற்று பீரங்கிக் குண்டுபோலத் தள்ளிவிடாதா? கணக்கிடுவோம். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓட்டையின் பரப்பு ஏறக்குறைய 0.2 சதுர சென்டிமீட்டர். அதன்மீது 220 கிலோபாஸ்கல் அழுத்தம் தரும் விசை 4.3 நியூட்டன், அரைக் கிலோவின் எடைகூட இல்லை! ரப்பரின் உராய்வும் பசையின் பிடிப்பும் இதை எளிதில் தாங்கும். ஆயினும் திரி முதலுதவியே. கீழே இறங்கியதும் டயரைக் கழற்றி உட்புறம் பரிசோதித்து ஒட்டுப்போடுவதே முறை.

இருநூறு அடி காற்று

சிறிய காரின் டயரினுள் சுமார் 30 லிட்டர் இடம் உண்டு. முற்றிலும் இறங்கிய டயரை 220 கிலோபாஸ்கலுக்கு உயர்த்த, கடல் மட்டத்தில் 65 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே திணிக்கவேண்டும். பாயில் விதியைக் கொண்டு நீங்களே இதைச் சரிபார்க்கலாம். சைக்கிள் கடையில் உள்ள கைப்பம்பின் குழல் 50 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் விட்டமும் உடையதென்றால், ஓர் அடிக்கு சுமார் 350 கன சென்டிமீட்டர் காற்று போகும். ஏறக்குறைய 186 முறை அடிக்கவேண்டும். மலைமேல் காற்று மெலிந்திருப்பதால் 200-ஐத் தாண்டும். பம்பில் காற்று சிறிதும் வீணாகாது என்று கொண்ட கணக்கு இது. நடைமுறையில் இன்னும் கூடும். கடைசி அடிகளில் கைப்பிடியை அழுத்த 150 நியூட்டனுக்கும் மேல் விசை வேண்டும். இருவர் மாறி மாறி அடித்தால் கார் டயரும் கைப்பம்புக்குப் பணியும்!

காருடன் வரும் பெட்டியில் 12 வோல்ட்டில் இயங்கும் சிறு காற்றழுத்தி இருக்கும். அதோடு ஒரு குப்பியில் ரப்பர்ப்பால் போன்ற அடைப்புத் திரவமும் தருவதுண்டு. வால்வு வழியே செலுத்தியதும் அது உள்ளே பரவி, ஓட்டையில் கசியும்போது உறைந்து அடைத்துக்கொள்ளும். சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஓட்டைக்கு, அதுவும் தரையைத் தொடும் பகுதியிலுள்ள ஓட்டைக்கு மட்டுமே இது பயன்படும். குப்பியின்மேல் காலாவதித் தேதி உண்டு, ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கச்சுவர் கிழிந்தால்?

மலைப்பாதையின் ஓரத்தில் உடைந்த கற்கள் கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கும். அவை டயரின் பக்கச்சுவரைக் கீறினால் திரியும் பயன்படாது, திரவமும் பயன்படாது. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்குவதால் எந்த அடைப்பும் அங்கே நிற்காது.

டயருக்குள் வைக்கோலையோ புல்லையோ திணித்து ஓட்டலாம் என்று சொல்வார்கள். நடக்கும் வேகத்தில் சிறிது தூரம் நகர்த்த அது உதவக்கூடும். ஆனால் உள்ளே உராய்வால் சூடேறும். வேகமாக ஓட்டினால் புகையத் தொடங்கலாம். மேலும், விளிம்பில் இறுகியிருக்கும் டயரை வெறுங்கையால் பிரிப்பது பெரும்பாடு. எரியும் திரவத்தை உள்ளே ஊற்றித் தீயிட்டு டயரை விளிம்பில் ஏற்றும் வித்தையை எவரும் முயலவே கூடாது; அது வெடிவிபத்துக்கு வழி.

அறிவான வழி எது? சக்கரத்தைக் கழற்றிப் பஸ்ஸில் ஏற்றிக் கடைக்கு அனுப்புவதுதான். அதற்கு வீல் ஸ்பேனரும் ஜாக்கியும் வேண்டும். ஸ்டெப்னி இல்லாத சில கார்களில் இவ்விரண்டையும் தருவதில்லை! புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்தவேண்டும். தூக்கியபின் முயன்றால் சக்கரமும் கூடவே சுழலும். நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் வேண்டுமென்றால், 25 சென்டிமீட்டர் ஸ்பேனரில் 400 நியூட்டன் விசை தேவை. ஒரு குழாயைச் செருகி அரை மீட்டராக்கினால் 200 போதும். சக்கரத்தைக் கழற்றியதும் கார் ஜாக்கிமீதே காத்திருக்கக் கூடாது. உறுதியான மரக்கட்டைகளை அடுக்கி, வண்டியின் உறுதியான பாகத்தைத் தாங்கும்படி வைக்கவேண்டும்.

ஸ்டெப்னி வேண்டுமா?

நகரத்தில், தெருவுக்கொரு பஞ்சர் கடை உள்ள இடத்தில், சிறு பெட்டியே போதும். அங்கே வரும் காயங்கள் பெரும்பாலும் ஆணிக்காயங்கள். மலையிலோ கல் கிழிக்கும். கடை தொலைவில் இருக்கும். சில வளைவுகளில் கைப்பேசியும் உதவாது. விதி, ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றுதான் சொல்கிறது; கொண்டுபோகக் கூடாது என்று சொல்லவில்லை. எந்தப் பாதையில் போகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு செய்யவேண்டியது நம் பொறுப்பு. கல்வராயன் மலை போன்ற இடங்களில் நோயாளியையோ தேர்வுக்குச் செல்லும் மாணவனையோ ஏற்றிச் செல்லும் வண்டிக்கு, ஐந்தாவது சக்கரம் வீண் சுமை ஆகாது.

செய்து பாருங்கள்

1. வரைதாளைத் தரையில் விரித்து, சைக்கிள் டயரில் சாயம் தடவி, ஒருவர் அமர்ந்த நிலையில் சைக்கிளை அதன்மீது ஒருமுறை இறக்கி எடுங்கள். இரு டயர்களின் தடப் பரப்பையும் எண்ணிக் கூட்டி, காற்றழுத்தத்தால் பெருக்குங்கள். கிடைத்த விசையை, சைக்கிளும் ஆளும் சேர்ந்த எடையோடு ஒப்பிடுங்கள்.

2. அகன்ற ரப்பர் வளையத்தை உதட்டில் வைத்துச் சட்டென்று இழுங்கள். சூடு தெரிகிறதா? இழுத்தபடியே சிறிது நேரம் வைத்திருந்து தளர்த்தி மீண்டும் உதட்டில் வையுங்கள். இப்போது என்ன உணர்கிறீர்கள்?

சிந்தனைக்கு

1. டயர் பஞ்சரான காரிலிருந்து ஐந்து பேரும் இறங்கிவிட்டால், காற்றின் அழுத்தம் பெரிதும் கூடுமா, குறையுமா, அல்லது தடத்தின் பரப்பு மாறுமா?

2. பம்பின் அடிப்பகுதி சுடுவது எதனால்? உராய்வு மட்டுமா காரணம்?

3. பின்சக்கரங்களை எஞ்சின் இயக்கும் ஜீப்பில் முன்சக்கரம் ஒன்றை உயர்த்தினால், கியர் வண்டியைப் பிடிக்குமா?

விடைகள்: 1. அழுத்தம் மிகச் சிறிதே மாறும். தடத்தின் பரப்புதான் சுருங்கும். 2. உராய்வு மட்டுமன்று, காற்றை அமுக்கச் செலவிடும் வேலை அதன் வெப்பநிலையை உயர்த்துகிறது. 3. பிடிக்கும், இரு பின்சக்கரங்களும் தரையில் இருப்பதால் அவை எதிரெதிர்த் திசையில் சுழல முடியாது. ஆயினும் கல் முட்டை மறக்கக் கூடாது!